தொலைவும் காலமும்

காவிரிப் படுகை மக்களுக்குக் கடல்கடந்த நாடுகள் புதியவை அல்ல. முதலாம் இராசேந்திர சோழன் கடாரத்தை வென்ற செய்தியைத் தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டு கூறுகிறது. அன்றுமுதல் இன்றுவரை தஞ்சைக்கும் தென்கிழக்காசியாவுக்கும் இடையேயான தொலைவு மாறவில்லை. அதைக் கடக்கும் காலமே மாறியுள்ளது.

கடல்வழி

பாய்மரக் கலங்கள் பருவக்காற்றை நம்பி ஓடின. தென்மேற்குப் பருவக்காற்று கலத்தைக் கிழக்கே செலுத்தும். வடகிழக்குப் பருவக்காற்று தாயகத்திற்குத் திருப்பும். எனவே, சென்றவர் திரும்புவதற்குக் காற்று மாறும்வரை காத்திருந்தனர். நீராவிக் கப்பல்கள் இந்தக் காத்திருப்பை நீக்கின. ஆயினும், 20ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினத்திலிருந்து 'ரஜுலா' கப்பலில் ஏறியவர் பினாங்கு வழியாகச் சிங்கப்பூரை அடைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆயிற்று. தந்தை இறந்த செய்தி தந்தியில் விரைந்து சென்றாலும், மகன் ஊர் திரும்புவதற்குள் ஈமச்சடங்கு முடிந்துவிடும்.

வான்வழி

தஞ்சாவூரில் இந்திய வான்படைத் தளம் உள்ளது. எனினும், வெளிநாடு செல்லும் இப்பகுதி மக்கள் பெரும்பாலும் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சிராப்பள்ளிக்குச் சென்றே வானூர்தி ஏறுகின்றனர். அங்கிருந்து சிங்கப்பூருக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் இதைக் கடக்க 3 மணி 45 நிமிடம் போதும். மேலெழவும் தரையிறங்கவும் ஆகும் நேரத்தைச் சேர்த்தால் பயணம் ஏறத்தாழ 4 மணி நேரமாகும்.

காற்றின் பங்கு இன்றும் உண்டு. தென்மேற்குப் பருவக்காலத்தில் உயர்வானில் கிழக்கிலிருந்து மேற்காக வலிய காற்று வீசும். அன்று கலத்தைக் கிழக்கே தள்ளிய அதே பருவம், இன்று கிழக்கே செல்லும் வானூர்திக்கு எதிர்காற்றாகிறது.

கடிகாரம் காட்டும் மாயம்

பயணச்சீட்டில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊரின் நேரப்படியே குறிக்கப்படும். திருச்சிராப்பள்ளியில் காலை 10.00 மணிக்குப் புறப்படும் வானூர்தி, சிங்கப்பூரை மாலை 4.30 மணிக்குச் சேர்வதாகக் கொள்வோம். கழித்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம் தோன்றும். அங்கிருந்து காலை 10.00 மணிக்குப் புறப்பட்டால் இங்கு முற்பகல் 11.30 மணி, வெறும் ஒன்றரை மணி நேரம்! உண்மையில் இரண்டும் 4 மணி நேரப் பயணங்களே.

இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டையும், சிங்கப்பூர் நேரம் 120 பாகைக் கோட்டையும் அடிப்படையாகக் கொண்டவை. 15 பாகைக்கு ஒரு மணி நேரம் எனக் கணக்கிட்டால், இடைப்பட்ட 37.5 பாகைக்கு இரண்டரை மணி நேரம் வேறுபடும். கிழக்கே செல்கையில் கடிகாரக் கணக்கிலிருந்து இதைக் கழிக்க வேண்டும். மேற்கே வருகையில் கூட்ட வேண்டும்.

முழுப் பயணம்

வான்வழி நேரத்துடன் சாலைப் பயணமும் நிலையத்தில் ஆய்வுகளுக்கான காத்திருப்பும் சேர்ந்ததே முழுப் பயணம். அனைத்தையும் கூட்டினாலும் ஒரு பகல் போதும். காலையில் துயரச்செய்தி கேட்ட மகன், இருக்கை கிடைத்தால் இரவுக்குள் தஞ்சை வந்து தந்தையின் முகத்தைக் காணலாம். இன்று அவனைத் தடுப்பது கடலன்று. கட்டணமும் விடுப்புமே ஆகும்.