காரிக்கரை முதல் பெரியபாளையம் வரை

பெரியபாளையத்து அன்னை பவானியின் திருவடி தொழ வரும் மெய்யன்பர்கள், திருக்கோயிலின் அருகே ஆரணியாற்றைக் கண்டிருப்பர். ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகத் தோன்றும் இந்த ஆறு எங்கிருந்து வருகின்றது என எண்ணியோர் சிலரே.

நாகலாபுரம், கார்வேட்டிநகரம் மலைப்பகுதிகளின் ஓடைகளே திரண்டு ஆரணியாறாகின்றன. அம்மலைநாட்டில், ஆந்திர மாநிலத் திருப்பதி மாவட்டத்தில், இராமகிரி என்னும் மலையடிச் சிற்றூர் உள்ளது. இதன் பழம்பெயர் திருக்காரிக்கரை. காரி என்பது வைரவக் கடவுளைக் குறிக்கும். திருநாவுக்கரசர் திருவாலங்காட்டை வணங்கியபின், காளத்திக்குச் செல்லும் வழியில் இத்தலத்தைப் பணிந்தார் எனப் பெரியபுராணம் கூறும்.

இங்கு வாலீசுவரரும் காலவைரவரும் கோயில் கொண்டுள்ளனர். அனுமன் காசியிலிருந்து கொணர்ந்த இலிங்கம் இவ்விடத்தே நிலைத்துவிட, வாலால் பற்றி இழுத்தும் பெயர்க்க இயலாமையால் இறைவர் இத்திருநாமம் பெற்றார் என்பது தலவரலாறு. மலைநீர் நந்தியின் வாய்வழியே திருக்குளத்தில் வீழ்வதைக் காண்போர் உள்ளம் குளிரும்.

அண்டையூராகிய நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் அன்னை நாகலாம்பாளின் பெயரால் அமைத்தது. அங்கே திருமால் மச்ச வடிவில் வேதநாராயணராக விளங்குகின்றார். கீழே ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலமுண்ட அண்ணல் அன்னையின் மடியில் தலைசாய்த்துப் பள்ளிகொண்ட தலம். அதனையடுத்து ஊத்துக்கோட்டை, அப்பால் நம் பெரியபாளையம். வேப்பமரத்தடியில் உறங்கிய வளையல் வணிகரின் கனவில் தோன்றி, புற்றினுள் தான் இருப்பதை அன்னை உணர்த்தியதாகக் கூறுவர். இவ்வூர்களையெல்லாம் தழுவிச் செல்லும் ஆறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கின்றது.

மொழியும் மாநில எல்லையும் வேறாயினும் நீர் ஒன்றே. மேலே பிச்சாட்டூர் நீர்த்தேக்கம் நிரம்பித் திறக்கப்பட்டால் கீழே நமக்கு வெள்ளம். 2021 நவம்பரில் அதனைக் கண்டோம். அங்கே மழை பொய்த்தால் இங்கே கிணறும் வற்றும். அவ்வாறே, நாம் இங்கே ஆற்றில் எறியும் குப்பை, கீழுள்ள ஊர்களுக்கும் ஏரியில் வலைவீசுவோருக்கும் போய்ச் சேரும்.

ஆடித் திங்களில் வேப்பிலையாடை உடுத்து வலம்வரும் அன்பர்களே! வேண்டுதல் முடிந்ததும் அவ்வாடையையும் பழந்துணி, நெகிழிப் பைகளையும் ஆற்றில் விடாது, அவற்றிற்கென உள்ள இடத்திலேயே இடுவீராக. மணலாய்க் கிடக்கின்றதே என இகழற்க. மலையில் மழை பொழிந்தால் அம்மணலின் மீதே நீர் வரும். அன்னையின் ஆற்றைத் தூய்மையாகக் காப்பதும் அவளுக்குச் செய்யும் வழிபாடே.