லூப்பருக்கு இடும் எண் ஆணைகள்

பாடகர் ஒருவர் மேடையில் தனியே நிற்கிறார். முதலில் வாயினால் ஒரு தாளத்தை ஒலிக்கிறார். அவர் நிறுத்திய பின்னும் அத்தாளம் மீண்டும் மீண்டும் கேட்கிறது. அதன்மேல் கித்தாரில் ஒரு சுரக்கோவையை ஏற்றுகிறார். அதுவும் உடன் சுழலத் தொடங்குகிறது. பின்னர் அவ்விரண்டையும் துணையாகக் கொண்டு பாடுகிறார். இவ்வாறு ஒருவரைப் பலராக்கிக் காட்டும் கருவிக்கு லூப்பர் என்று பெயர். ஒலியைப் பதிந்து, அதன் முடிவும் தொடக்கமும் இணையுமாறு இடையறாது ஒலிப்பதே அதன் பணி. முற்காலத்தில் காந்த ஒலிநாடாவின் இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி இதனைச் செய்தனர். இன்று மின்னணு நினைவகம் அப்பணியை ஆற்றுகிறது.

இக்கருவியை இயக்குவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பதிவு செய்தல், நிறுத்தல், ஒலியளவை மாற்றல், அழித்தல் ஆகிய யாவும் விசைகளால் நடைபெறுவன. கித்தார் வாசிப்பவருக்கோ இரு கைகளும் ஓய்வாக இரா. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த பாஸ் ஆர்.சி.-505 என்னும் லூப்பரை எடுத்துக்கொள்வோம். அதில் ஐந்து தடங்களும் 99 நினைவிடங்களும் உள்ளன. ஆனால் அது மேசைமீது வைத்துக் கையால் இயக்குமாறு அமைந்தது. காலடியில் உள்ள மிதிவிசைப் பலகையிலிருந்து அதற்கு ஆணையிட உதவுவதே ‘மிடி’ எனப்படும் முறை.

ஒலியன்று, ஆணையே

மிடிக் கம்பியில் ஒலி செல்வதில்லை. எண்கள் மட்டுமே செல்கின்றன. இதனை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும். வெவ்வேறு நிறுவனங்களின் இசைக்கருவிகள் ஒன்றோடொன்று உரையாடுதற்பொருட்டு இம்முறை வகுக்கப்பட்டது. 1983 ஜனவரியில், அமெரிக்காவின் அனகைம் நகரில், இரு வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்களை ஒரே கம்பியால் இணைத்து இதனைப் பலரறியச் செய்து காட்டினர்.

லூப்பரின் அமைப்புகளை மாற்றப் பெரிதும் பயன்படுவது ‘கண்ட்ரோல் சேஞ்ச்’ என்னும் செய்தி. அது மூன்று எண்களால் ஆனது. முதலாவது, செய்தியின் வகையையும் அது செல்லும் சேனலையும் குறிக்கும். மொத்தம் 16 சேனல்கள் உள. முதல் சேனலுக்கு 176, இரண்டாவதற்கு 177 என்றவாறு 191 வரை இவ்வெண் அமையும். இரண்டாவது, கட்டுப்பாட்டின் எண். மூன்றாவது, அதன் அளவு. இவை இரண்டும் 0 முதல் 127 வரை அமையும். காட்டாக 176, 80, 127 என்று வந்தால், ‘முதல் சேனலில், 80-ஆம் கட்டுப்பாட்டை, முழு அளவில் வை’ என்பது பொருள்.

இந்த 80 எதனைக் குறிக்கும்? அதனைப் பெறும் கருவியே முடிவு செய்யும். மேற்கூறிய லூப்பரில் 1 முதல் 31 வரையும், 64 முதல் 95 வரையும் உள்ள கட்டுப்பாட்டு எண்களை நாம் விரும்பும் செயலுடன் பிணைக்கலாம். ஒன்றினை முதல் தடத்தின் ஒலியளவுக்கும், மற்றொன்றினை இரண்டாம் தடத்தின் பதிவுக்கும் ஒதுக்கலாம்.

செய்தி செல்லும் விரைவு வினாடிக்கு 31,250 பிட். ஓர் எண்ணை அனுப்பப் பத்து பிட் வேண்டும். ஆகவே மூன்று எண்கள் சென்றடைய, ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு கூறினும் சற்றுக் குறைந்த நேரமே ஆகும். காது இத்தாமதத்தை உணராது.

காலக் கணக்கு

ஆனால் காலின் பிழையைக் காது உணரும். நிமிடத்திற்கு 120 அடிகள் செல்லும் இசையில் 16 அடிகள் கொண்ட சுழலின் நீளம் சரியாக 8 வினாடி. மிதிப்பதில் ஏற்பட்ட தாமதத்தால் அது 8.02 வினாடி ஆயிற்று என்க. ஒருமுறை கேட்கையில் பழுது தோன்றாது. ஆயின் உடன் ஒலிக்கும் தாளக் கருவியினின்று அச்சுழல் ஒவ்வொரு சுற்றிலும் 0.02 வினாடி பின்தங்கும். 25 சுற்றுகளில் முழுதாக ஓர் அடி பிசகிவிடும்.

இதனைத் தவிர்க்கவே மிடியில் காலத்துடிப்புச் செய்தி உள்ளது. ஓர் அடிக்கு 24 துடிப்புகள் வீதம் தாளக் கருவி அனுப்ப, லூப்பர் அவற்றைப் பின்பற்றித் தன் வேகத்தை அமைத்துக்கொள்கிறது.

எங்கே தவறு நேரும்?

நினைவிடத்தை மாற்றுவதற்கு ‘புரோகிராம் சேஞ்ச்’ என்னும் வேறொரு செய்தி உண்டு. இங்கே ஒரு பொறி உள்ளது. கம்பியில் எண்ணிக்கை 0-விலிருந்து தொடங்குகிறது; லூப்பரின் முகப்பிலோ 1-லிருந்து தொடங்குகிறது. ஆகவே 5-ஆம் நினைவிடத்தை அழைக்கக் கம்பியில் செல்ல வேண்டிய எண் 4. மிதிபலகைகளுள் சில 0 முதலும், சில 1 முதலும் எண்ணுவன. இதனை அறியாதவர் ஓர் எண் தள்ளி வேறு நினைவிடத்திற்குச் சென்றுவிடுவர். அந்நேரம் பதிந்த ஒலியைச் சேமிக்காதிருந்தால், அது மீளாது அழிந்துபோகும்.

மற்றொரு தவறு மிதிவிசையின் இயல்பு பற்றியது. சில விசைகள் அழுத்தும்போது 127-ஐயும், காலை எடுக்கும்போது 0-வையும் அனுப்பும். வேறு சில, முதல் அழுத்தத்தில் 127-ஐயும் அடுத்த அழுத்தத்தில் 0-வையும் அனுப்பும். லூப்பர் முதல் வகையை எதிர்பார்க்க, விசை இரண்டாம் வகையாக இருந்தால், ஒன்று விட்டு ஒன்றாக மிதிப்பு வீணாகும். பலர் இதனை விசையின் பழுதெனக் கருதி அதனைக் கழற்றிப் பார்ப்பர். பழுது விசையில் இல்லை, உடன்பாட்டில் உள்ளது.

சோதிக்கும் முறை

ஒலியமைப்பில் உதவும் பணியாளர் பின்வரும் வரிசையைக் கைக்கொள்வது நன்று. மிதிபலகையின் ‘அவுட்’ துளையிலிருந்து லூப்பரின் ‘இன்’ துளைக்குக் கம்பி செல்கிறதா என்று முதலில் பார்க்க. அக்கம்பி 15 மீட்டருக்கு மேற்படலாகாது. அடுத்து, இரு கருவிகளின் சேனலும் ஒன்றேயா என்று காண்க. பின்னர் ஒரே ஒரு கட்டுப்பாட்டை ஒலியளவுக்குப் பிணைத்துச் சோதிக்க. பிழைபட்டாலும் அதனால் இழப்பு நேராது. அது சரியாக இயங்கிய பின்னரே பதிவுக்கும் நிறுத்தலுக்கும் விசை ஒதுக்குக. அழித்தலுக்குரிய விசையை ஏனையவற்றினின்று விலக்கி, இறுதியாக அமைக்க.

ஆசிரியர்க்கும் இக்கருவி ஒரு நல்ல பாடப்பொருளாகும். ஆணையைக் குறிக்கும் எண்கள் ஏன் 128-க்குக் கீழே வருவதில்லை, அளவுகள் ஏன் 127-ஐத் தாண்டுவதில்லை என்று மாணவரை வினவலாம். எட்டு பிட்களுள் முதலாவது 1 ஆயின் ஆணை, 0 ஆயின் அளவு என்பதே விடை. இரட்டை எண் முறையின் பயனை இதன் வாயிலாக மாணவர் தம் செவியாலேயே அறிந்துகொள்வர்.