படகில் கால் வைக்கும் முன்

2014 ஜனவரி 26. அந்தமானின் போர்ட் பிளேருக்கு அருகே, ராஸ் தீவிலிருந்து நார்த் பே போய்க்கொண்டிருந்த சுற்றுலாப் படகு மூழ்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அனுமதித்ததைவிட அதிகம் பேரை அந்தப் படகில் ஏற்றியிருந்தார்கள்.

அந்தமானுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நீல் தீவின் சந்தடியில்லாத கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான் வேண்டும். ஆனால் படகுத்துறையில் இரண்டு நிமிடம் நின்று ஆட்களை எண்ணுங்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று கேளுங்கள். "பாப்பாவ மடியில வச்சுக்குங்க" என்று இடம் பண்ணுவார்கள். பாப்பாவும் ஓர் உயிர்தான், கணக்கில் சேர்த்தே எண்ணுங்கள். கூட்டம் மேல்தட்டில் நின்றால் படகின் கனம் மேலே ஏறிவிடும். யாரோ "அதோ டால்பின்" என்றதும் எல்லோரும் ஒரே பக்கம் ஓடினால், அலையே இல்லாத கடலிலும் படகு கவிழும். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகுதான்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். பலர் அதைக் கழற்றி மெத்தை மாதிரி போட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். குழந்தைக்கு மாட்டியபின் தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறிவந்தால் அது பெரியவர்களுடையது. தண்ணீரில் விழுந்தால் ஜாக்கெட் மட்டும் மிதக்கும், பிள்ளை நழுவிவிடும். கொக்கி உடைந்ததை வாங்காதீர்கள். "அண்ணே, சின்ன சைஸ் குடுங்க" என்று தமிழிலேயே கேட்கலாம், அங்கே நம் மொழி புழங்கும். கொடுக்காவிட்டால் ஏறாதீர்கள்.

கட்டிய பணம் போய்விடுமே என்ற தயக்கத்தில்தான் பலர் ஏறிவிடுகிறார்கள். ரசீதில் 'பணம் திரும்பத் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டதாலேயே பேச்சு முடிந்துவிடாது. பாதுகாப்பில்லாத படகைக் காட்டி ஏறச் சொல்வது சேவைக் குறைபாடு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். வழக்குக்காக மறுபடி கடல் தாண்ட வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். ரசீது, பணம் அனுப்பிய விவரம், படகின் பெயரும் பதிவெண்ணும் தெரியும் படம் மூன்றும் கையில் இருக்கட்டும்.

காற்று பலமாக இருக்கிறது என்று துறைமுகத்தார் படகை நிறுத்திவைத்தால், "நாளைக்கு ஃப்ளைட் இருக்கு, ஒரு ரவுண்டு மட்டும்" என்று படகுக்காரரைக் கெஞ்சாதீர்கள். அந்தக் கெஞ்சலும் ஆபத்தில்தான் கொண்டுபோய் விடும்.

கடலோரக் காவல் படையின் அவசர எண் 1554. கரையில் நிற்கும்போதே கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள்.