தறிக்குழியை விட உயரும் தெரு

விழுப்புரம்–காட்பாடி ரயில் பாதையில் ‘ஆரணி ரோடு’ நிலையத்தில் இறங்கினால் நீங்கள் நிற்பது களம்பூரில். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். பக்கத்திலேயே பட்டுச் சேலை நெய்யும் ஆரணி. இந்த வட்டாரத்துத் தறிவீடுகளுக்குத் தெருவின் மட்டம் என்பது பிழைப்புப் பிரச்சினை. குழித்தறியில் நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதிகட்டையை மிதிக்கிறார். மழைத்தண்ணீர் வாசற்படியைத் தாண்டினால் முதலில் நிறைவது அந்தக் குழிதான். தறியில் ஏற்றிய பாவு நூல் ஈரம் வாங்கிவிட்டால் சேலை பாதியில் நிற்கும், கூலியும் நிற்கும்.

அதனால்தான் பழைய சிமென்ட் தெருவின் மேல் அப்படியே பேவர் பிளாக் பதிக்கும் வழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. 60 மில்லிமீட்டர் கல், அதன் அடியில் 30 மில்லிமீட்டர் மணல் என்றால், ஒரே வேலையில் தெரு மூன்றரை அங்குலம் ஏறிவிடுகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. 2021 மே மாதம், தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று அறிவுறுத்தியதும் வீடுகள் பள்ளத்தில் சிக்கக் கூடாது என்பதற்காகத்தான். சிமென்ட் தெருவுக்கும் அதே நியாயம்தான்.

உயரம் ஒருபுறம் இருக்க, மேடு பள்ளமான சிமென்ட் தளம் இன்னொரு தொல்லையையும் கூட்டிவருகிறது. பள்ளத்தை மணலால் நிரப்பிவிட்டுக் கல்லை அடுக்கினால் அன்றைக்குத் தெரு கண்ணாடி மாதிரி இருக்கும். மேட்டில் 20 மில்லிமீட்டர் மணல், பள்ளத்தில் 80 மில்லிமீட்டர் மணல் என்றால் இரண்டும் ஒரே அளவாக அமுங்காது. மண் தரையானால் இடுக்கு வழியே இறங்கும் நீரைக் குடித்துவிடும். சிமென்ட் தளம் குடிக்காது. பள்ளத்திலேயே தேங்கி மணலைச் சேறாக்கும். மேலே டிராக்டர் ஏறும்போது அந்தச் சேறு இடுக்கு வழியாகப் பீய்ச்சியடிக்கும். மணல் போன இடத்தில் கல் ஆடும், விளிம்பு உடையும். பழியெல்லாம் கல்லின் தரத்தின் மேல் விழுகிறது. ஐ.எஸ். 15658 தரப்படி செய்த நல்ல கல்லாகவே இருந்தாலும் இப்படிப்பட்ட அடித்தளத்தில் அது தாங்காது.

தளத்தைச் சரிசெய்துவிட்டுத்தான் கல்லைத் தொட வேண்டும். டியூப் லெவல் பிடித்து, நூல் கட்டி, வாட்டத்தை முதலில் முடிவு செய்யலாம். வீட்டிலிருந்து சாக்கடைப் பக்கமாக 60 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சரிந்தால் போதும். நூலைத் தொடும் மேட்டைக் கொத்தி எடுக்க வேண்டும். பள்ளத்தையும் லேசாகக் கொத்தி, தூசி போகக் கழுவி, சிமென்ட் பால் ஊற்றி, அது காய்வதற்குள் கலவை போட்டு மட்டப்பலகையால் இழுக்க வேண்டும். பாசியும் தூசியும் இருக்கும் தளத்தில் போட்ட கலவை ஒட்டாமல் ஏடாக உரிந்து வரும். தண்ணீர் சேரும் தாழ்ந்த இடங்களில் தளத்தைத் துளைத்து, துளையில் சிறுஜல்லி நிரப்பி வடிகால் கொடுக்கலாம். இதற்கெல்லாம் பிறகு மணல் எங்கும் ஒரே கனத்தில் விழும். இருபுறமும் ஓரக்கல் அசையாமல் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் கல் வரிசை பக்கவாட்டில் விலகிவிடும்.

வீட்டு முற்றத்தில் கடப்பா கல் பதிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான்கு மூலையில் மட்டும் கலவை உருண்டை வைத்துக் கல்லைப் படுக்கவைப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். நடுவில் வெற்றிடம் விட்டுவிடும். கட்டையால் தட்டினால் ‘டொக்’ என்று கேட்கும் கல்லை அன்றைக்கே பெயர்த்து, அடி முழுக்கக் கலவை பரப்பிப் பதிக்கச் சொல்லுங்கள்.

தெருவில் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு வாசற்படியின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கும் உரிமை அங்கே குடியிருப்பவர்களுக்கு உண்டு. படிக்குக் கீழே கல்லுக்கும் மணலுக்கும் இடம் போதாவிட்டால் பழைய தளத்தைப் பெயர்த்து எடுத்தே ஆக வேண்டும். தளம் சரிசெய்து முடிந்ததும், கல் லாரி வருவதற்கு முன், நான்கு குடம் தண்ணீரைக் கொட்டிப் பாருங்கள். தேங்குகிற இடத்தைச் சாக்பீஸால் வளைத்து மேஸ்திரியிடம் காட்டுங்கள்.