நஞ்சுக்கொடி தரும் விடை

குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டால் பெற்றோர் முதலில் கேட்பது ‘ஏன்?’ என்றுதான். அதற்கான விடை பெரும்பாலும் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. இப்படி இறந்த 512 குழந்தைகளைப் பற்றி அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. காரணத்தை உறுதிசெய்யவோ விலக்கவோ உடற்கூறாய்வு 42 விழுக்காட்டிலும், நஞ்சுக்கொடிப் பரிசோதனை 65 விழுக்காட்டிலும் உதவியதாக அது சொல்கிறது.

பரிசோதனை பிரசவ அறையிலேயே தொடங்கிவிடுகிறது. நிறைமாத நஞ்சுக்கொடி சாப்பாட்டுத் தட்டுப் போல வட்டமாக, ஏறக்குறைய அரைக் கிலோ எடை இருக்கும். கருப்பையோடு ஒட்டியிருந்த பக்கத்தில் ஒரு மடல் குறைந்தாலும் அது உள்ளேயே தங்கியிருக்கலாம்; அப்படித் தங்கினால் தாய்க்கு உதிரப்போக்கு நிற்காமல் போகக்கூடும். தொப்புள்கொடியை வெட்டிப் பார்த்தால் இரண்டு தமனிகளும் ஒரு சிரையும் தெரிய வேண்டும். தமனி ஒன்றுதான் என்றால் குழந்தையின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் கவனித்துச் சோதிப்பார்கள். பச்சை நிறம் படிந்திருந்தால், குழந்தை கருப்பைக்குள்ளேயே மலம் கழித்திருக்கக்கூடும்.

பிறகு நஞ்சுக்கொடியை ஃபார்மலினில் ஊறவைக்கிறார்கள். சவ்வு, தொப்புள்கொடி, நஞ்சுக்கொடியின் சதை ஆகியவற்றிலிருந்து துண்டுகள் எடுத்து, மெழுகில் பதித்து, மெல்லிதாகச் சீவிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்க்கிறார் நோயியல் மருத்துவர். பனிக்குடச் சவ்வில் குவிந்த வெள்ளணுக்கள் தாயுடையவை. கிருமித்தொற்று அங்கே எட்டியிருக்கிறது. தொப்புள்கொடியின் குழாய்ச் சுவரில் இருப்பவையோ குழந்தையுடையவை. அதன் உடலும் போராடத் தொடங்கிவிட்டது. பேறுகால இரத்தக் கொதிப்பு இருந்தவர்களின் நஞ்சுக்கொடியில், இரத்தம் கிடைக்காமல் மடிந்த திட்டுகளைக் காணலாம். தாய்க்கு மலேரியா வந்திருந்தால் அதன் கரும்பழுப்பு நிறமி தங்கியிருக்கலாம்.

எத்தனை துண்டு எடுப்பது, கண்டதை எந்தப் பெயரில் எழுதுவது என்பதற்கெல்லாம் 2014இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் பொது நெறி வகுத்தார்கள். அதனால் ஓர் ஊரில் எழுதிய அறிக்கையை இன்னோர் ஊர் மருத்துவரும் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்த அறிக்கை நடந்ததை மட்டும் சொல்வதில்லை. தாயின் நோயெதிர்ப்பு அணுக்கள் நஞ்சுக்கொடியில் நிறைந்துவிடும் ஓர் அரிய நோய், அடுத்த கர்ப்பத்திலும் திரும்பக்கூடியது. முன்பே தெரிந்தால் மருத்துவர் தொடக்கத்திலிருந்தே நெருக்கமாகக் கண்காணிப்பார். ‘நான் என்ன தப்பு செய்தேன்?’ என்று தன்னையே நொந்துகொள்ளும் தாய்க்கும், காரணம் வேறென்று தெரிவது பெரிய ஆறுதல்.

எல்லாப் பிரசவத்துக்கும் இது தேவையில்லை. ஆனால் குறைமாதப் பிரசவம், வளர்ச்சி குன்றிய குழந்தை, பிரசவ நேரத்துக் காய்ச்சல், குழந்தை இறப்பு என்றால் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று குடும்பத்தார் தயங்காமல் கேட்க வேண்டும். அன்றே கேட்க வேண்டும். அப்புறப்படுத்திய பிறகு கேட்டுப் பயனில்லை.