ஸ்கேன் அறிக்கையைக் கணினிக்கு எப்படிப் புரியவைப்பது?

கல்லீரலில் 12 மில்லிமீட்டர் கட்டி என்று மருத்துவர் எழுதுகிறார். படிப்பவருக்கு அது போதும். கணினிக்குப் போதாது. எது உறுப்பு, எது அளவு, அந்த 12 எந்தப் படத்தில் அளந்தது? இதற்காகவே மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரத்தில் கட்டமைந்த அறிக்கை என்றொரு கோப்பு வகை உண்டு. அதில் அறிக்கை ஒரு மரமாகக் கிளைக்கிறது: தலைப்பு வேர், அளவு, அலகு, நோய்க் குறியீடு, படத்துக்கான சுட்டி எல்லாம் கிளைகள்.

ஆனால் அது இருமக் கோப்பு. நோட்பேடில் திறந்தால் குப்பைதான் தெரியும்: முதலில் 128 பைட் வெற்றிடம், பிறகு நான்கெழுத்து அடையாளம், அதன்பின் எண்ணிட்ட புலங்கள். எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவம் அப்படியல்ல, கண்ணால் படிக்கலாம், கையால் திருத்தலாம்.

ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் உள்ள ஆஃபிஸ் என்ற ஆய்வு நிறுவனத்தின் டிசிஎம்டிகே மென்பொருள் தொகுப்பு இரண்டையும் இணைக்கிறது. எக்ஸ்எம்எல்லை அறிக்கைக் கோப்பாக மாற்றும் நிரல் ஒன்றும், எதிர்த்திசையில் மாற்றும் அதன் ஜோடி நிரலும் அதில் உண்டு. முதல் நிரலை இயக்குவது எளிது. கட்டளைவரியில் நிரலின் பெயர், எக்ஸ்எம்எல் கோப்பு, வெளிவர வேண்டிய கோப்பு, அவ்வளவுதான். நிரலோ கறாரானது. தன் ஜோடி நிரல் எழுதும் எக்ஸ்எம்எல் வடிவத்தை மட்டுமே ஏற்கும். ஆகவே, இருக்கும் அறிக்கை ஒன்றை எக்ஸ்எம்எல் ஆக்கி, அதைத் திருத்தித் திரும்ப மாற்றுவதே சுலபம். எந்தக் கிளையின்கீழ் எது வரலாம் என்றும் நிரல் பார்க்கும். உதாரணமாக, அடிப்படை உரை அறிக்கை என்ற வகையில் அளவுக் கிளைக்கே இடமில்லை. மேம்பட்ட வகையில் உண்டு.

திருத்திய அறிக்கைக்குப் புதிய அடையாள எண் தரச் சொல்லும் விருப்பத்தை மறக்கக் கூடாது. பழைய எண்ணே நீடித்தால், படக் களஞ்சியம் பழைய அறிக்கையையும் திருத்தியதையும் ஒரே ஆவணமாக எண்ணிவிடலாம். நோயாளியின் பெயர் தமிழில் இருந்தால் எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 என்பதையும் குறிப்பிட வேண்டும்.