கப்பல் பாதைக்கு மேலே மின்னல்

இலங்கையின் தென்முனையைச் சுற்றி வரும் சரக்குக் கப்பல்கள் நேர்கிழக்காகப் போய் மலாக்கா நீரிணைக்குள் நுழைகின்றன. அங்கிருந்து சிங்கப்பூர், தென்சீனக் கடல். தண்ணீரில் தடம் ஏது? ஆனால் பல ஆண்டு மின்னல் பதிவுகளை வரைபடத்தில் இட்டபோது, அந்தப் பாதை கோடு கிழித்ததுபோலத் தெரிந்தது. அக்கம்பக்கத்துக் கடலைவிட அதன்மேல் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னல்! ஜோயல் தார்ன்டன் உள்ளிட்ட அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-ல் இதை வெளியிட்டார்கள். காரணம், கப்பல்கள் கக்கும் புகை.

புகைக்கும் மின்னலுக்கும் என்ன உறவு?

நீராவி தானாகத் துளியாகிவிடாது. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். தூசியை வடிகட்டிய காற்றுக்குள் நீராவியைச் செலுத்தினால் மூட்டமே எழாது என்று ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880-களிலேயே காட்டிவிட்டார். நடுக்கடல் காற்றில் இத்தகைய துகள்கள் குறைவு. அதனால் மேகத்துளிகள் நன்றாகப் பருத்து, ஒன்றோடொன்று மோதிச் சேர்ந்து, சீக்கிரமே மழையாக இறங்கிவிடும். ஒரு மழைத்துளிக்குச் சுமார் பத்து லட்சம் மேகத்துளிகள் சேர வேண்டும்.

புகை புகுந்தால் கணக்கு மாறுகிறது. இருக்கிற நீரையே ஏராளமான துகள்கள் பங்குபோட்டுக்கொள்ள, துளிகள் பொடிப்பொடியாகின்றன. அவை எளிதில் சேர்வதில்லை, விழுவதும் இல்லை. மேலெழும் காற்று அவற்றை உறைநிலைக்கும் மேலான உயரத்துக்குத் தூக்கிப் போகிறது. அங்கே பனித்துகள்களும் கனத்த பனிக்கட்டிகளும் உரசி மோதும்போது மின்னூட்டம் பிரிகிறது. மின்னல் பிறப்பது அங்கேதான்.

மேகம் அவ்வளவு உயரம் வளராவிட்டால் பலன் நேர்மாறு. 1998-ல் போர்னியோ காடுகள் எரிந்தபோது, புகை சூழ்ந்த மேகங்கள் மழை தராமல் மிதந்ததைச் செயற்கைக்கோள் தரவுகளில் டேனியல் ரோசன்ஃபெல்ட் கண்டார். மழைக்காகத் தவித்த காட்டின் மேலேயே மழை தடைபட்டது!

2020 ஜனவரியில், கப்பல் எரிபொருளில் இருக்கக்கூடிய, புகைத்துகள்களை உண்டாக்கும் கந்தகத்தின் உச்சவரம்பை உலக நாடுகள் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 ஆகக் குறைத்தன. ஆய்வுக்கூடத்தில் செய்யவே முடியாத பரிசோதனை அது. சிங்கப்பூரை ஒட்டிய பாதையில் மின்னல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

மழையும் அதோடு மாறியதா? மின்னல் எழுப்பும் ரேடியோ அலையை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியும் பிடித்துவிடலாம். ஆனால் நடுக்கடலில் பெய்யும் மழைக்கு மழைமானி வைப்பது யார்? செயற்கைக்கோள் தரும் மதிப்பீட்டை நம்பித்தான் அங்கே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. மின்னலைப்போல மழையில் அந்தப் பாதை இன்னும் பளிச்சென்று தெரியவில்லை.